மூணாவது செடி

உட்காருங்க தம்பி. பக்கத்து வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு, எங்கயும் ஓடிடாது. புரோக்கர் காலையிலயே போன் பண்ணிட்டான், கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தர் வர்றார், திறந்து காட்டுங்கன்னு. காட்டறேன். இப்ப பனி மூடியிருக்கு, ஒண்ணும் தெரியாது. அரை மணி நேரத்துல விலகிடும். அதுவரைக்கும் டீ குடிங்க. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில டீமேக்கரா இருந்தவன் நான். கோத்தகிரிக்கு வந்துட்டு எபனேசர் வீட்டு டீ குடிக்காமப் போனேன்னு சொல்லாதீங்க.

சர்க்கரை நீங்களே போட்டுக்கங்க. வீட்டுல நான் மட்டும்தான். எங்க வீட்டம்மா ஜெயமணி போன மாசம் திருச்சிக்குப் போயிருக்கா, மகன் வீட்டுக்கு. குளிர் ஒத்துக்கலையாம். முப்பது வருஷமா ஒத்துக்கிட்ட குளிர் இந்த வருஷம் ஒத்துக்கலை. சரி, வயசு.

அந்தம்மா ஏன் வீட்டை விக்கறாங்கன்னு கேட்டீங்களே, அது நல்ல கேள்வி. வாங்கறவர் கேக்கத்தான் வேணும். புரோக்கர் என்ன சொன்னான்? தனியா இருக்க முடியல, திண்டுக்கல்ல தங்கச்சி வீட்டோட போறாங்கன்னு சொல்லியிருப்பான். அது பொய் இல்லை. ஆனா அவ்வளவுதானான்னு கேட்டா, இல்லை. அந்தம்மா எனக்கு ஒரு கொடுமை பண்ணிட்டுப் போயிருக்காங்க. பார்த்தா சொல்லமாட்டீங்க. மரியாதையான பொம்பளை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவங்க, பேச்செல்லாம் அளந்து அளந்து வரும். வத்சலான்னு பேரு.

அந்தா, ஜன்னல் வழியாப் பாருங்க. என் தோட்டத்துல வேலியோரமா வெறும் மண்ணாக் கிடக்குதே ஒரு பாத்தி, பன்னிரண்டு குழியோட. அதுதான் அவங்க எனக்குப் பண்ணினது.

எங்க சில்வர் ஓக் காலனியில தோட்டச் சங்கம்னு ஒண்ணு உண்டு. வருஷா வருஷம் செப்டம்பர்ல, இரண்டாவது சீசன் சமயம், வீடு வீடா வந்து பார்த்து ஒரு கப் குடுப்பாங்க. பெரிசா ஒண்ணும் இல்லை, பித்தளைக் கப், அடுத்த வருஷம் திருப்பிக் குடுத்துடணும். ஆனா அதுல பேரு வெட்டுவாங்க. அந்தம்மா இந்தக் காலனிக்கு வர்றதுக்கு முன்னால அதுல எத்தனை தடவை எபனேசர், எபனேசர்னு வெட்டியிருக்குன்னு நீங்களே போய் எண்ணிப் பார்க்கலாம். என் டேலியாவை அடிச்சுக்க ஆள் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும்.

அப்புறம் இந்த கோன்ஃப்ளவர் வந்துச்சு. பார்த்திருக்கீங்களா? கீழ பார்த்தமாதிரி தொங்கற இதழ், ரோஸும் கத்திரிப்பூக் கலரும் கலந்து, நடுவுல முள்ளு முள்ளா ஒரு குமிழ். இறகுப் பந்தைத் தலைகீழா நிறுத்தின மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா அப்படி ஒண்ணும் அழகு இல்லை. ஒரு தடவை நட்டா வருஷா வருஷம் வரும், அதுதான் அதோட பெருமை. டிசம்பர் உறைபனியில தரையோட கருகிப் போயிடும். செத்துடுச்சுன்னு நினைப்போம். மார்ச்ல பார்த்தா அதே வேர்லேர்ந்து துளிர்க்கும்.

அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணு, சாருலதா. அமெரிக்காவுல படிச்சிட்டிருந்துச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னால லீவுக்கு வந்தப்ப ஒரு கவர்ல விதை கொண்டுவந்துச்சு. அதை ஈர மணல்ல கலந்து, டப்பாவுல போட்டு, ஒரு மாசம் ஃபிரிட்ஜ்ல இட்லி மாவுக்குப் பக்கத்துல வெச்சாங்க. விதைக்குக் குளிர் காட்டணுமாம். கோத்தகிரியில குளிருக்கா பஞ்சம்? நான் சிரிச்சேன். ஆனா முளைச்சுடுச்சு. அந்தப் பொண்ணு தன் கையால மூலையில முதல் செடியை நட்டுட்டுப் போச்சு. அடுத்த பனிக்காலத்துல அங்க ரோட்டுல வண்டி சறுக்கி அந்தப் பொண்ணு போயிடுச்சு. உடம்பு வந்து சேர பன்னிரண்டு நாள் ஆச்சு. நாற்காலி, பந்தல் எல்லாம் ஏற்பாடு பண்ணினது யாரு? நான்தான். ஆம்பளை இல்லாத வீடு, பக்கத்து வீட்டுக்காரன் செய்யாம யார் செய்வா? அதை அந்தம்மாவே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. நான் மோசமான ஆள் இல்லைங்கறதுக்காகச் சொல்றேன்.

அதுக்கப்புறம் அந்தம்மாவுக்கு அந்தச் செடிதான் எல்லாம். விதை எடுப்பாங்க, மணல்ல கலப்பாங்க, ஃபிரிட்ஜ்ல வெப்பாங்க, நடுவாங்க. ஒரு பாத்தி, ரெண்டு பாத்தி, வீட்டைச் சுத்தி பாத்தி. ஆகஸ்ட்ல ரோட்டுல போற கார் நின்னு பார்த்துட்டுப் போகும். கப் அவங்களுக்குப் போச்சு. ஒரு வருஷம் இல்லை, ஆறு வருஷம். நான் கை தட்டினேன். எல்லாரையும் விட சத்தமாத் தட்டினேன், ஜெயமணியைக் கேட்டுப் பாருங்க.

எனக்கும் பன்னிரண்டு நாத்து குடுத்தாங்க. சாருவோட விதையிலேர்ந்து வந்தது சார், உங்க வேலியோரம் நல்லா வெயில் விழும், வெச்சுக்கங்கன்னு குடுத்தாங்க. நான் செடி வளர்க்கறவன், சும்மா வெப்பேனா? மக்கின சாணி, எலும்புத் தூள், கொஞ்சம் யூரியா, டேலியாவுக்குச் செய்யற அத்தனையும் செஞ்சேன். இடுப்பு உயரம் வந்து எல்லாம் படுத்துடுச்சு. தண்டுல வலு இல்லை. அந்த வருஷம் சங்கத்து மீட்டிங்குல, டீ குடிச்சிட்டிருக்கும்போது யாரோ கேட்டாங்க, எபனேசர் சார் கோன்ஃப்ளவர் ஏன் குப்புறப் படுத்திருக்குன்னு. அந்தம்மா சிரிச்சிட்டே சொன்னாங்க, "சாருக்குச் செடியைப் பட்டினி போடத் தெரியல. இது வறண்ட புல்வெளிச் செடி, விருந்து வெச்சா தாங்காது."

இருபத்திநாலு பேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன். மூணு வருஷம் ஆச்சு, ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயித்துக்கிழமை. மறந்தே போச்சு.

சொல்ல வந்ததைச் சொல்றேன். இந்த வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம். காலையில வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. "எபனேசர் சார், ஒரு நிமிஷம் வாங்களேன், ஒரு அதிசயம் காட்டறேன்." போனேன். நடுப் பாத்தியில ஒரே ஒரு செடி. அதுல பூ பச்சையா இருக்கு. இதழெல்லாம் இலை மாதிரி, குட்டிக் குட்டியா, பச்சையா. நடுக் குமிழ்லேர்ந்து கொத்துக் கொத்தா இன்னும் நாலு குட்டிப் பூ கிளம்பி நிக்குது. பார்க்க வேடிக்கையாத்தான் இருந்துச்சு.

"புது வகை சார். தானாவே வந்திருக்கு. புஸ்தகத்துல எல்லாம் பார்த்துட்டேன், இப்படி ஒண்ணு இல்லை."

எனக்கு மூக்கு அரிச்சுச்சு. டீமேக்கர் மூக்கு, தம்பி. இலை வந்து இறங்கினதும் எங்கயோ தப்பு இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஒரு பூவைக் கேட்டேன். சந்தோஷமா வெட்டிக் குடுத்தாங்க. கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போய், எனக்குத் தெரிஞ்ச தோட்டக்கலை ஆபீசரம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்டக் காட்டினேன். பார்த்த உடனே அவங்க முகம் மாறிடுச்சு. "இது நோய் சார். தத்துப்பூச்சி ஒரு செடியிலேர்ந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். மருந்தே கிடையாது. இன்னைக்கே வேரோட பிடுங்கி எரிச்சுடச் சொல்லுங்க. ஒரு செடியோட போயிடும். விட்டா தோட்டமே போயிடும்." அப்படியே சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டேன்.

நேரா சொல்லத்தான் வந்தேன். கர்த்தர் சாட்சி. கேட்டைத் திறந்துட்டு உள்ளே போறேன், அந்தம்மா அந்தச் செடிக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. கையில ஒரு நோட்டு. பென்சில்ல அந்தப் பூவை வரைஞ்சிருக்காங்க. அடியில "சாருலதா"ன்னு எழுதியிருக்காங்க. புது வகை கண்டுபிடிச்சா பேரு வெக்கலாமாமே. என்னைப் பார்த்து, "சாரு அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு சார்"னு சொன்னாங்க. ஏழு வருஷத்துல அந்தம்மா முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லிடுவீங்களா? எனக்கு இரக்க மனசு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். ஜெயமணி கேட்டா, "ஆபீசரம்மா என்ன சொன்னாங்க?" விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, போய்ச் சொல்லுங்க, ஒரு செடியோட போகட்டும்"னா. சொல்றேன், நேரம் பார்த்துச் சொல்றேன்னேன். நீ வாயைத் திறக்காதே, எனக்குச் சொல்லத் தெரியும்னேன். அவ நான் சொன்னதை மீறமாட்டா.

டீ டேஸ்ட் பண்ணியிருக்கீங்களா? இருபது கப் வரிசையா வெச்சிருப்பாங்க. ஆறாவது கப்புல புகை வாசம் அடிச்சாலும் டேஸ்ட் பண்றவன் வாயைத் திறக்கக்கூடாது, முகத்துலயும் காட்டக்கூடாது. கடைசி கப் வரைக்கும் போகணும். அப்புறம்தான் பேசணும். எனக்கு அது பழகிப்போச்சு. சொல்றதுக்கு ஒரு நேரம் உண்டு.

மறுநாள் அவங்களே கேட்டாங்க. "இதைப் பிரிச்சு நடலாமா சார்? ஒரே செடியா இருக்கு, போயிடுச்சுன்னா?" நான் என்ன சொன்னேன்? வருஷா வருஷம் வர்ற செடி எதையும் பிரிச்சு நட்டாப் பெருகும்னேன். அது உண்மைதானே? எந்தத் தோட்டக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். நான் அந்தச் செடியைப் பத்திச் சொல்லலை, பொதுவாச் சொன்னேன். என்கிட்ட இருந்த நாலு பல்லு முள்ளு மண்வெட்டியையும் குடுத்தேன். அவங்க வீட்டுல இருந்தது மொக்கை. அதை அஞ்சாப் பிரிச்சு ஒவ்வொரு பாத்தியிலயும் ஒண்ணு ஒண்ணா நட்டாங்க. அந்தப் பொண்ணு நட்ட முதல் செடி இருக்கே மூலையில, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருக்கட்டும்னு சொல்லிச் சிரிச்சாங்க. நான் மண்ணை மிதிச்சுவிட்டேன்.

ஒரு வார்த்தை பொய் சொல்லலை தம்பி. அன்னையிலேர்ந்து கடைசி வரைக்கும் நான் சொன்ன எதையாவது பொய்யின்னு யாராவது காட்டட்டும்.

ஆகஸ்ட் முடியறதுக்குள்ள பச்சைப் பூ பத்து ஆச்சு, இருபது ஆச்சு. நட்ட செடியில மட்டும் இல்லை, பக்கத்துச் செடியிலயும். "தொத்திக்குது பாருங்க சார், ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்குது"ன்னு குழந்தை மாதிரி சொல்லுவாங்க. போட்டிக்குப் புதுப் பூன்னு தனியா வைங்களேன், அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்கன்னேன். காலனியில மத்தவங்களுக்கும் கொஞ்சம் செடி தெரியும் பாருங்க, யாராவது எதையாவது உளறி அந்தம்மா மனசைக் கெடுத்துடக்கூடாது. அவங்களும் சரின்னு வாசல்ல பச்சை வலை கட்டி மறைச்சுட்டாங்க. ஜெயமணி அந்த ஒண்ணரை மாசமும் வேலிப் பக்கமே போகலை. துணி காயப் போடக்கூட பின்பக்கமாப் போவா.

செப்டம்பர் இரண்டாவது ஞாயித்துக்கிழமை போட்டி. நடுவர் குழுவுக்குத் தலைவரா தாவரவியல் புரொஃபசர் ஒருத்தர் வந்திருந்தார், ரிட்டயர்டு, கண்டிப்பானவர். செக்ரெட்டரிகிட்ட நான்தான் சொன்னேன், வத்சலாம்மா வீட்டைக் கடைசியா வெச்சுக்கங்க, எல்லாரும் சேர்ந்து போகலாம், ஒரு விசேஷம் இருக்குன்னு. காலனியே வந்துச்சு. அந்தம்மா அரக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தாங்க. மேஜையில கேசரி, காகிதத் தட்டு. முதல் பச்சைச் செடிக்கு முன்னால ஒரு சின்னப் பலகை, வெள்ளை பெயிண்ட்ல பேரு. புரொஃபசர் வந்ததும் வலையை விலக்கினாங்க.

அவர் குனிஞ்சார். ஒரு பூவைத் தொட்டார். அடுத்ததுக்குப் போனார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அம்மா, இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஆகஸ்ட் முதல் வாரம் சார். தானா வந்தது. புது வகை."

"வகை இல்லைம்மா. நோய்."

மெதுவாத்தான் சொன்னார். ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. பின்னால நின்ன ஒருத்தன் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிச்சான். நான் சிரிக்கலை. எனக்கு இருமல் வந்துச்சு, அவ்வளவுதான்.

அந்தம்மா "எல்லாமா?"ன்னு கேட்டாங்க. அவர் ஒவ்வொரு பாத்தியாப் போய்ப் பார்த்தார். எல்லாம்தான்னார். அப்ப அந்தம்மா மூலைக்குப் போய், "இது மட்டும் நல்லாத்தானே இருக்கு? இதுல பச்சையே இல்லையே சார்?"னாங்க. அந்தப் பொண்ணு நட்ட செடி. அவர் இலையை விலக்கி, அடியில, உள்ளுக்குள்ள ஒரு சின்ன மொட்டைக் காட்டினார். பச்சைக் கொத்து. "ஒரு மாசம் முன்னால தெரிஞ்சிருந்தா இது தப்பிச்சிருக்கும்மா. ஒரே ஒரு செடியோட போயிருக்கும். பக்கத்துல யாரும் சொல்லலையா?"

எல்லாரும் கேசரியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. சாப்பிடறதா கீழ வெக்கறதான்னு தெரியலை. நான் சாப்பிட்டேன். செஞ்சு வெச்சவங்க மனசு நோகக்கூடாது.

கப் எனக்கு வந்துச்சு. டேலியாவுக்கு. அந்தா, அலமாரியில இருக்கு பாருங்க.

அன்னைக்கு மத்தியானமே அந்தம்மா எல்லாத்தையும் பிடுங்கினாங்க. புடவைகூட மாத்தலை. அதே அரக்குப் பட்டோட மண்ணுல மண்டி போட்டு, ஒவ்வொண்ணா. நான் பார்த்துட்டுச் சும்மா இருப்பேனா? முள்ளு மண்வெட்டியை எடுத்துட்டுப் போய் வேலி மேலே நீட்டினேன். வாங்கிக்கிட்டாங்க. நன்றி சார்னாங்க. கடைசியா மூலைச் செடி. அதுக்கு மட்டும் மண்வெட்டி போடலை. கையாலயே சுத்தி மண்ணைத் தோண்டி, வேர் அறுந்துடாம, புதுசா நடப் போற மாதிரி முழுசா எடுத்தாங்க. எடுத்து, எரியற குவியல் மேலே வெச்சாங்க. புகை எங்க வீட்டுக்குள்ளதான் வந்துச்சு. ஜெயமணி சமையல்கட்டுல உட்கார்ந்து அழுதா. புகைக்கு அவளுக்குக் கண்ணு எரியும்.

விதை எடுத்து வெச்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா? அதுதான் இல்லை. முந்தின வருஷ விதையெல்லாம் ஏற்கனவே நட்டாச்சு. நோய் வந்த பூவுல விதை பிடிக்காது. அவ்வளவு பாத்தியில ஒரு விதை இல்லை.

இப்பத்தான் கொடுமைக்கு வர்றேன். கேளுங்க.

ஒரு அஞ்சு நாள் கழிச்சு அந்தம்மா தோட்டக்கலை ஆபீசுக்குப் போயிருக்காங்க. அந்த மண்ணுல திரும்ப வெக்கலாமான்னு கேக்க. அங்க அந்த ஆபீசரம்மா, பாவம், விஷயம் தெரியாம, "ஏம்மா, உங்க பக்கத்து வீட்டு சார் ஆகஸ்ட்லயே ஒரு பூவைக் கொண்டுவந்து காட்டினாரே, நான் பிடுங்கச் சொன்னேனே, சொல்லலையா?"ன்னு கேட்டிருக்காங்க.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் வேலியோரம் களை பறிச்சிட்டிருந்தேன். கேட் சத்தம். அந்தம்மா வர்றாங்க. பையைக்கூட வீட்டுல வெக்கலை, பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. கத்தட்டும்னு எழுந்து நின்னேன். என்ன பதில் சொல்லணும்னு எல்லாம் ரெடியா இருந்துச்சு. இரக்கப்பட்டுச் சொல்லலை, உங்க சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலைன்னு. அது உண்மையும்கூட.

அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி என் பாத்தியைப் பார்த்தாங்க. அவங்க குடுத்த பன்னிரண்டு செடி. வரிசையா ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வந்து, நின்னாங்க.

"சார், மூணாவது செடி. அடியில ரெண்டு மொட்டு பச்சையா இருக்கு. இன்னைக்கே பிடுங்கிடுங்க. மத்த பதினொண்ணும் சுத்தமா இருக்கு, தப்பிச்சுடும்."

நான் கையில இருந்த களையை உதறினேன்.

"அதுல ஒண்ணு, அப்புறமா, நல்லா இருக்கறது ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா? சாரு கொண்டுவந்த விதையிலேர்ந்து இப்ப இருக்கறது இது மட்டும்தான்."

பார்க்கலாம்னேன். தலையை ஆட்டினாங்க. கேட் வரைக்கும் போய்த் திரும்பி, "ஆபீசரம்மா எல்லாம் சொன்னாங்க"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேலே ஒரு வார்த்தை இல்லை. ஏன் செஞ்சீங்கன்னு ஒரு கேள்வி இல்லை. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அதுக்குக்கூட வழி வெக்கலை.

இப்ப நீங்க புத்தியுள்ள ஆளு, நீங்களே யோசிங்க. எல்லாம் தெரிஞ்சுபோச்சு அந்தம்மாவுக்கு. தன் தோட்டம் முழுசும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கப் வாங்கிட்டான். அப்படிப்பட்ட பொம்பளை பஸ் இறங்கின உடனே என் தோட்டத்தைக் காப்பாத்தவா வருவாங்க? யாராவது அப்படிச் செய்வாங்களா? நான் குனிஞ்சு பார்த்தேன், மூணாவது செடியை. ரெண்டு மொட்டு பச்சையாத்தான் இருக்கு. ஆனா மொட்டுன்னா பச்சையாத்தானே இருக்கும்? விரியறதுக்கு முன்னால எல்லா மொட்டும் பச்சைதான். நல்ல செடியை என் கையாலயே பிடுங்க வெக்கறாங்க, இன்னைக்கு மூணாவது, நாளைக்கு அஞ்சாவதும்பாங்க, அதுக்கப்புறம் நல்லதா ஒண்ணைத் தான் எடுத்துட்டுப் போவாங்க, இதுதான் திட்டம்னு எனக்குப் பட்டுச்சு. எனக்கா தெரியாது?

ஜெயமணி சொன்னா, "அந்தம்மா பொய் சொல்றவங்க இல்லை, பிடுங்கிடுங்க." உனக்கு மனுஷங்களைத் தெரியாதுன்னேன். அவ களைக்கொத்தை எடுத்துட்டுத் தானே போனா. கையிலேர்ந்து பிடுங்கி உள்ளே வெச்சுப் பூட்டினேன். என் தோட்டம், நான் பார்த்துப்பேன்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அந்தம்மா நின்னாங்க. மூணாவது செடி இன்னும் அங்கயே இருக்கறதைப் பார்த்தாங்க. "சார், இன்னும் நேரம் இருக்கு"ன்னாங்க. அதுக்கு அடுத்த நாளும் நின்னாங்க. ஒரு வாரம் வந்து வந்து நின்னாங்க. ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டாங்க தம்பி. "உங்களுக்காக இல்லை, அந்தச் செடிக்காகக் கேக்கறேன்"னாங்க. நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன், நாடகத்துக்கெல்லாம் மயங்கற ஆள் இல்லைன்னு உள்ளே வந்துட்டேன். அதுக்கப்புறம் அவங்க வரலை.

மூணு வாரம். மூணாவது செடி விரிஞ்சுச்சு, இலை மாதிரி இதழ், கொத்துக் கொத்தாப் பச்சை. அப்புறம் நாலாவது, ரெண்டாவது. அக்டோபர் மழை பிடிக்கறதுக்குள்ள பன்னிரண்டும். கடைசியில நானேதான் பிடுங்கினேன். ஜெயமணி பக்கத்துல வந்து நிக்கக்கூட இல்லை. திருச்சிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னா. அந்தப் பக்கம் வீட்டுல ஒரு பெட்டி கட்டற சத்தம் கேட்டுட்டிருந்துச்சு.

சங்கத்துல இப்ப எல்லாரும் அந்தம்மா பக்கம்தான் பேசறாங்க. எப்பேர்ப்பட்ட மனசு, செஞ்சவனுக்கே வந்து சொன்னாங்களேன்னு. நாலு பேர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்றதில்லை. யாருக்கும் யோசிக்கத் தெரியலை. நான் யோசிச்சேன். இந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு குழியைப் பார்த்துப் பார்த்து யோசிச்சேன். அந்தம்மா என்னை அளந்து வெச்சிருந்தாங்க. தான் சொன்னா இந்த மனுஷன் நம்பமாட்டான்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்து உண்மையைச் சொன்னாங்க. சொன்னது மட்டுமா, கும்பிட்டுச் சொன்னாங்க. நான் செஞ்சது என்ன? ஒண்ணும் சொல்லலை, அவ்வளவுதானே? அந்தம்மா தெரியாமத்தான் இழந்தாங்க, அதுல ஒரு நிம்மதி உண்டு. என்னைத் தெரிஞ்சே இழக்க வெச்சுட்டுப் போயிட்டாங்க.